வந்துட்டுப் போனவரு

அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்த மாஸ்க்க ஒரு நிமிசம் எறக்குங்களேன். போதுமுங்க்கா, போட்டுக்குங்க. சளியா? அப்பப் போட்டுக்கறதுதான் நல்லது. வேண்டாம்னு நான் சொல்லலை. பக்கத்துல உக்காந்திருக்கறவங்க மூஞ்சியை ஒருக்காப் பாத்துட்டேன்னா எனக்கு நிம்மதி. இல்லாட்டி எறங்கற வரைக்கும் மண்டைக்குள்ள அதேதான் ஓடிட்டு இருக்கும், இது யாரா இருக்கும், யாரா இருக்கும்னு.

என்ற பேரு செல்வநாயகிங்க. இப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை. அதுக்கு முன்னால ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்தேன். பெரிய ஆஸ்பத்திரி இல்லைங்க. ஊர்ப்பக்கம் இருக்குமே, ரெண்டு சிஸ்டரு, ஒரு டாக்டரு, வாசல்ல தகரக் கொட்டாய், அந்த மாதிரி. எந்த ஊருன்னு மட்டும் கேக்காதீங்க. கொரோனா ஊசி போட ஆரம்பிச்சப்போ தற்காலிகம்னு சொல்லி எடுத்தாங்க. ஊசிக்கு வர்றவங்க பேரு, ஆதாரு, போன் நம்பரு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும், அதான் வேலை. ஒரு வருசத்துக்கு எனக்கு ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு கெடையாதுங்க. என்ற புள்ளைக்குக் காது குத்தினப்பக்கூட, அது அழுது முடிக்கறதுக்குள்ள கேம்ப்புக்கு ஓடினவ நான். அப்படி ஒழைச்சவளை, ஒரு நாளு போன்ல ஒத்தை மெசேஜைப் போட்டு, நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டாங்க. நேர்ல ஒரு வார்த்தை இல்லை. மெசேஜ்ல சொல்லற விசயமா இது? நீங்களே சொல்லுங்க்கா.

சரி, அந்த வயித்தெரிச்சல் இருக்கட்டும். மாஸ்க்க எதுக்கு எறக்கச் சொன்னேன்னு கேட்டீங்களே, அதைச் சொல்றேன்.

மொதமொத ஊசி வந்தப்போ ஆளே வரலைங்க. போட்டா செத்துப்போயிருவோம்னு காட்டுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் அந்தச் சித்திரை வைகாசியில ஊருக்கு ஊரு சாவு விழுந்துச்சே, அதைப் பாத்துட்டு வெடியறதுக்கு முன்னாலயே வந்து செருப்பை வரிசையில வெச்சுட்டு உக்காந்துட்டாங்க. நூறு பேருக்கு மருந்து வரும், முன்னூறு பேரு நிப்பாங்க. அதுவும் ஓஞ்சு போச்சு. ஐப்பசி வந்தப்போ மறுக்கா ஆளு இல்லை. மொத ஊசி போட்டவங்க ரெண்டாவதுக்கு வர மாட்டேங்கறாங்க. அதான் சீக்கு போயிருச்சே, இனி எதுக்குங்கறாங்க. மேல இருக்கறவங்க உடுவாங்களா? வாரா வாரம் லிஸ்டு வரும். ரெண்டாவது ஊசி பாக்கி இத்தனை பேருன்னு. அந்த லிஸ்டு கொறையலைன்னா எங்க சாருக்குத் திட்டு விழும். எங்களுக்கு மேல ஒரு சாரு இருந்தாரு. கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன். அவருக்கும் சக்கரை, பிரசரு எல்லாம் இருந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கெழமை கேம்ப்பு. பாக்கி நூத்திப் பத்துப் பேரு. வந்தது எழுபத்திரெண்டு. சாயங்காலம் அஞ்சரை மணிக்கு சாரு வந்து என்ற சேருக்குப் பின்னாடி நின்னாரு.

"மிச்சத்தையும் முடிச்சுரும்மா."

"ஆளு வரலைங்க சார்."

"போன் பண்ணிப் பாரு. எடுக்காதவங்க வேற எங்கியாச்சும் போட்டிருப்பாங்க. ஏத்தி உட்டுரு."

போன் பண்ணேனுங்க்கா. சத்தியமா முப்பத்தெட்டுப் பேருக்கும் பண்ணேன். சில பேருக்கு மூணு ரிங்கு உட்டேன், சில பேருக்கு ரெண்டு. எனக்கு ஆறே காலுக்குக் கடைசி பஸ்ஸு. மொத ஊசிக்குக் குடுத்த ஆதார் நம்பரு எங்க நோட்டுலயே இருக்குது. வரிசையா ஏத்தி உட்டேன். அந்த மருந்தை என்ன பண்ணினாங்கன்னு எனக்குத் தெரியாது, அது என்ற வேலை இல்லை. என்ற வேலை பேரு ஏத்தறது.

மறுநாளு திங்கக்கெழமை. காய்ச்சல்காரங்க, சக்கரை மாத்திரை வாங்க வந்தவங்கன்னு கூட்டம். ஒரு அம்மா வந்து என்ற ஜன்னல்கிட்ட நின்னுச்சு. நாப்பது நாப்பத்தஞ்சு வயசிருக்கும். துணியில தெச்ச மாஸ்க்கு, வேர்வையில நனைஞ்சு மூக்கோட ஒட்டியிருந்துச்சு. கையில பட்டன் போனு.

"ஏனுங்க அம்மிணி, இதைச் சித்தப் படிச்சுச் சொல்லுங்க. மளிகைக்கடைக்காரரு ஒண்ணு சொல்லறாரு, எனக்கு நம்பிக்கை வரலை."

வாங்கிப் பாத்தேன். எல்லாருக்கும் இங்கிலீசுல வருமே, அதே மெசேஜுதான். நாச்சிமுத்து, உங்களுக்கு ரெண்டாவது டோஸ் போட்டாச்சுன்னு. நேத்துத் தேதி. எங்க ஆஸ்பத்திரி பேரு.

"நாச்சிமுத்து யாருங்க?"

"எங்கூட்டுக்காரரு."

"நேத்து ரெண்டாவது ஊசி போட்டாச்சுன்னு வந்திருக்குதுங்க."

"நேத்தா?"

"ஆமாங்க."

"இங்கயா?"

"இங்கதானுங்க."

அந்தம்மா என்னையே பாத்துச்சுங்க்கா. ஊசி போடாமலே போட்டதா மெசேஜ் வந்திருக்குதுன்னு ஏற்கெனவே ஒருத்தரு வந்து பெரிய ரகளை பண்ணிட்டுப் போயிருந்தாரு. இதுவும் அந்தச் சண்டைக்குத்தான் வந்திருக்குதுன்னு நெனைச்சுட்டேன். பின்னாடி இருபது பேரு நிக்கறாங்க. உள்ள சாரு போன்ல யாருக்கோ சரிங்க சார், சரிங்க சார்னு சொல்லிட்டு இருக்காரு.

"வந்தாருங்களா அம்மிணி? நீங்க பாத்தீங்களா?"

"வந்தாருங்க."

"உங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்துத்தானே பேரு ஏத்தறோம். வந்தாரு, ஊசி போட்டாரு, போயிட்டாரு."

அப்படியே தரையில உக்காந்துருச்சுங்க்கா. சிரிக்குதா அழுகுதான்னே தெரியலை, மாஸ்க்கு இருந்துச்சே. தோளு மட்டும் குலுங்குது. யாரோ ஒரு பொம்பளை குனிஞ்சு தூக்கினா.

"வைகாசியில செத்துட்டாருன்னு சொன்னாங்களே. என்ற சாமி, செத்துட்டாருன்னு சொன்னாங்களே."

இதுதானுங்க அந்தம்மா சொன்னது.

அப்பவே உண்மையைச் சொல்லியிருக்கணும்னு நீங்க நெனைப்பீங்க. சன்னலை நல்லா சாத்திக்குங்க்கா, காத்து மூஞ்சியில அடிக்குது. நெனைப்பீங்கதானே? எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. அந்தச் சேர்ல உக்காந்து பாத்தாத்தான் தெரியும். இருபது பேரு முன்னால, ஐயோ அவரு வரலை, நாங்களா ஏத்திக்கிட்டோம்னு சொல்ல முடியுமா? அடுத்த நிமிசம் அத்தனை பேரும் போனை எடுத்துட்டு ஜன்னலுக்கு வருவாங்க. சாருக்குப் போகும், சாருக்கு மேல போகும், கடைசீல வந்து நிக்கறது யாருகிட்ட? தற்காலிகம்கிட்ட. என்ற ஊட்டுக்காரரு தறி ஓட்டறவரு, அன்னைக்குத் தறியும் நின்னு கெடந்துச்சு.

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கிட்டேன். அந்தம்மாதான் எந்திரிச்சு வந்து ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சு.

"எப்படி இருந்தாரு?"

"எல்லாரும் மாஸ்க் போட்டுட்டு வர்றாங்க. மூஞ்சி சரியாத் தெரியலைங்க."

"கண்ணு தெரிஞ்சிருக்குமே?"

என்ன சொல்லறதுங்க? "கண்ணு சித்த செவந்திருந்துச்சுங்க"ன்னேன்.

"லாரி ஓட்டறவரு அம்மிணி! கோழித் தீவன லாரி. அவருக்கு எப்பவுமே செவந்துதான் இருக்கும். என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"நீலச் சட்டைங்க."

"எளைச்சுட்டாரா?"

"எளைச்சாப்பலதான் தெரிஞ்சுது."

"எந்தப் பக்கம் போனாரு?"

கேட்டுக்கு வெளிய இடது பக்கம் கையைக் காட்டினேன். அந்தம்மா ஓடுச்சுங்க்கா. அந்தக் கனத்த ஒடம்பை வெச்சுக்கிட்டு ரோட்டுல இடது பக்கமா ஓடுச்சு. நேத்துப் போனவரு இன்னைக்கு அங்கயேவா நின்னுட்டு இருப்பாருன்னு அதுக்கும் தோணலை, எனக்கும் சொல்லத் தோணலை.

பூவாத்தாங்கறது அந்தம்மா பேரு. மிச்சக் கதையெல்லாம் எங்க சிஸ்டரு விசாரிச்சுச் சொன்னாங்க. அவரு மொத ஊசி போட்டுட்டுப் போன கொஞ்ச நாள்ல, வைகாசியில ரெண்டு பேருக்கும் காய்ச்சல். இந்தம்மாவை ஒரு பள்ளிக்கூடத்துல கொண்டு போயி வெச்சிருந்திருக்காங்க, அவரை டவுன் ஆஸ்பத்திரியில. அவரு செத்தது பதினோராவது நாளு. கொழுந்தன்தான் போயிருக்கான். தூரத்துல இருந்து ஒரு பொட்டலத்தைக் காட்டி, இதுதான் உங்க அண்ணன்னாங்களாம். மேல பிளாஸ்திரியில பேரு எழுதியிருந்துச்சாம். அதை அப்படியே மின் மயானத்துல ஏத்திட்டு வந்து, ஊட்டுல தலைக்கு ஊத்திட்டு, அண்ணி, முடிஞ்சு போச்சுன்னிருக்கான். பூவாத்தாம்மா அவரைக் கடைசியாப் பாத்தது ஆம்புலன்ஸ்ல ஏறறப்ப, முதுகை மட்டும். பொட்டலத்துல பேரு மாறிப்போச்சுன்னு அந்தச் சமயம் எத்தனை சேதி வந்துச்சு? அதுல ஒண்ணு நம்முளுதா இருக்கக் கூடாதான்னு ஆறு மாசமா நெனைச்சுட்டு இருந்தவங்ககிட்டத்தான் அந்த மெசேஜ் போயிச் சேந்திருக்குது. நான் என்னத்தைக் கண்டேன்?

ஒரு வாரத்துல அவங்க புள்ளை வந்துச்சு. தாரணின்னு பேரு, காலேஜ் படிக்கற புள்ளை. மத்தியானம் நான் டிபன் டப்பாவைத் தொறந்தப்ப வந்து நின்னுச்சு.

"அக்கா, எங்கப்பா சாவுக்குச் சர்டிபிகேட் இருக்குதுங்க. இதா பாருங்க."

பாத்தேன்.

"எங்கம்மா மறுக்காத் தாலி போட்டுக்கிச்சு. மஞ்சக் கயித்துல முடிஞ்சு போட்டுட்டு ஊருக்குள்ள நடக்குது. சித்தப்பனைக் கொலைகாரன்னு திட்டுது, யாரு பொணத்தையோ எரிச்சுட்டு வந்துட்டியேன்னு. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க்கா. பாக்கலைன்னு சொல்லுங்க, போதும். வேற யாருகிட்டயும் நாங்க போக மாட்டோம்."

"கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பாயிருச்சு கண்ணு. அப்படிச் சொல்லிக்க உங்கம்மாகிட்ட."

"செவந்த கண்ணுன்னு சொன்னது கம்ப்யூட்டருங்களாக்கா?"

அந்தப் புள்ளை மொகத்துல கோவமே இல்லைங்க. அப்படியே நின்னு கேட்டுச்சு. நான் சொல்றேன்னேன். சமயம் பாத்து நானே சொல்றேன், நீ போயிட்டு வான்னேன். அது கும்புட்டுட்டுப் போச்சு. டப்பாவை அப்படியே மூடி வெச்சுட்டேன்.

சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அடுத்த ஞாயித்துக்கெழமை கேம்ப்பு வந்துருச்சு. பூவாத்தாம்மா காலையில எட்டு மணிக்கே வந்துருச்சு. ஆம்பளைங்க வரிசையில மொத ஆளுகிட்டப் போயி, "சாமி, சித்த மாஸ்க்க எறக்குங்க சாமி"ன்னுச்சு. அவரு என்னமோ ஏதோன்னு எறக்கினாரு. ஒரு நிமிசம் பாத்துட்டு, "சரிங்க சாமி"ன்னு அடுத்த ஆளுகிட்ட. அப்படியே கடைசி வரைக்கும். ஒவ்வொருத்தரும் எறக்கறாங்க, மறுக்காப் போட்டுக்கறாங்க. வரிசை பூராவும் சத்தமே இல்லைங்க்கா. சண்டை போடற ஊருதான் அது, ஆனா அன்னைக்கு ஒருத்தனும் வாயைத் தொறக்கலை. எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஒரு பொம்பளை போயிட்டே இருக்கறா, மூஞ்சிங்க ஒண்ணொண்ணாத் தொறந்து தொறந்து மூடுது.

ரெண்டு மூணு வாரம் பொறுத்தாங்க. அப்புறம் ஒருத்தன் கத்தினான். "சீக்கைப் பரப்பறதுக்குன்னே உடறீங்களா இதை?"ன்னான். சாரு வாச்மேன்கிட்டச் சொல்லி அந்தம்மாவைக் கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டாரு. வெளிய நின்னுச்சு. கேம்ப்பு நாளு மட்டும் இல்லைங்க, வெங்காயக் காட்டுல வேலை இல்லாத நாளெல்லாம் வந்து நின்னுச்சு.

நான் உள்ள போறப்போ மாஸ்க்க நல்லா மேல இழுத்துட்டு, கண்ணுக்கு ஒட்ட இழுத்துட்டுப் போவேன். எப்படியோ கண்டுபுடிச்சுரும்.

"அம்மிணி, வந்தாரா?"

"இன்னைக்கு வரலைங்க."

தினமும் இதான். நான் பொய் சொல்லலை பாருங்க. இன்னைக்கு வரலைங்கறது நெசந்தானே? அந்த ஒரு பொய்க்கு மேல இன்னொரு பொய் நான் சொல்லவே இல்லைங்க்கா. அதுல நான் நெம்பக் கவனமா இருந்தேன்.

கேக்கறீங்களா? தூக்கம் வந்தா தூங்குங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். சரி, சொல்றேன்.

தை மாசம்னு நெனைக்கறேன். மறுக்காக் கூட்டம் வர ஆரம்பிச்சிருந்துச்சு. நான் தலையைக் குனிஞ்சு ஏத்திட்டே இருக்கறேன். அடுத்து யாருன்னு நிமுந்தா, நீலச் சட்டை. எளைச்ச ஒடம்பு. மாஸ்க்குக்கு மேல கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது.

"பேரு சொல்லுங்க"ன்னேன்.

அவரு என்னமோ சொன்னாரு. மாஸ்க்குக்குள்ள சொன்னது புரியலை.

"மாஸ்க்க எறக்கிட்டுச் சொல்லுங்க."

எறக்கினாரு. வேற ஆளு. ரங்கசாமின்னு பேரு, செங்கச் சூளையில வேலை, பொகை பட்டுக் கண்ணு செவந்திருக்குது. நான் என்னன்னு ஏத்துனேன் தெரியுமா? நாச்சிமுத்துன்னு. சிஸ்டரு பாத்துட்டுத்தான், "ஏ நாயகி, என்ன பேரு அடிக்கறே?"ன்னாங்க. அழிச்சுட்டு மறுக்கா அடிச்சேன்.

அதுல இருந்து எனக்கு அப்படித்தான் ஆயிருச்சு. பஸ்ஸுல, ரேசன் கடையில, எங்க பாத்தாலும் மாஸ்க் போட்ட ஆம்பளை நின்னா கண்ணை மொதல்ல பாப்பேன். என்ற ஊட்டுக்காரரு ஒரு நாளு தறிப்பட்டறையில இருந்து மாஸ்க்கோட உள்ள வந்தாரு, நான் கத்திட்டேன். பஞ்சு பறந்து அவரு கண்ணும் செவந்திருந்துச்சு. என்னடின்னாரு. ஒண்ணுமில்லைன்னேன். அவருகிட்ட இதையெல்லாம் நான் சொன்னதில்லை. எதுக்கு அவருக்கும் வெசனம்?

அப்புறம் பங்குனியில, இனி மாஸ்க்கு கட்டாயம் இல்லைன்னுட்டாங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரே வாரத்துல எல்லாரும் கழட்டிட்டாங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ஊரே மூஞ்சியோட நடக்குது. பல்லுப் போனவன், மீசை நரைச்சவன், வாயில வெத்தலை போட்டவன், எல்லாந் தெரியுது.

அன்னைக்கும் பூவாத்தாம்மா கேட்டுல நின்னுட்டு இருந்துச்சு. துணி மாஸ்க்கை மட்டும் அது கழட்டலை. போறவங்க வர்றவங்களைப் பாத்துட்டே இருந்துச்சு. யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கலை. நான் கிட்டப் போனதும், வழக்கமாக் கேக்கறதைக் கேக்காம, "எல்லா மூஞ்சியும் தெரியுது அம்மிணி"ன்னுச்சு.

"ஆமாங்க"ன்னேன்.

"இத்தனை நாளு இந்தக் கூட்டத்துல யாரு வேணா அவரா இருக்கலாம்னு இருந்துச்சு. இப்ப எல்லாரும் வேற வேற ஆளாப் போயிட்டாங்க."

அவ்வளவுதான் சொல்லுச்சு. மறுநாளு வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. நான் உள்ள போறப்போ கேட்டுக்கிட்டச் சித்த நின்னு பாத்துட்டுத்தான் போவேன். கேக்கறதுக்கு ஆளு இல்லாம அந்த எடமே என்னமோ மாதிரி ஆயிருச்சு.

அந்தச் சமயந்தான் எனக்கு அந்த மெசேஜ் வந்துச்சு, வேலை இல்லைன்னு.

மறுநாளே போனேனுங்க்கா, பூவாத்தாம்மா ஊட்டுக்கு. வேலை போன மறுநாளே. ஒரு நாளு கூடத் தள்ளிப் போடலை. உண்மையைச் சொல்லியே தீரணும்னு போனேன். எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்னு நெனைக்கறீங்க? கூட வேலை செஞ்ச சிஸ்டரு, வேண்டாம் நாயகி, எதுக்கு வம்புன்னாங்க. நான் கேக்கலை.

ஓட்டு ஊடு. வாசல்ல சாக்கை விரிச்சு வெங்காயம் ஆய்ஞ்சுட்டு இருந்துச்சு. மாஸ்க்கு இல்லை. அன்னைக்குத்தானுங்க அந்தம்மா மூஞ்சியை நான் முழுசாப் பாத்தேன். அஞ்சு மாசமாப் பாத்த ஆளு. மேல் ஒதட்டுல ஒரு மச்சம் இருக்குது, எனக்குத் தெரியாது. அதுக்கும் என்னைத் தெரியலை. யாரு வேணும்னு கேட்டுச்சு. நான் வாயைத் தொறந்ததும், "அம்மிணி!"ன்னுச்சு.

உக்காந்தேன். சுத்தி வளைக்கலை.

"அம்மா, அன்னைக்கு உங்க ஊட்டுக்காரரு வரலைங்க. நான் பாக்கலை. பாக்கி லிஸ்டுல பேரு இருந்துச்சு, ஏத்திட்டேன்."

கை நிக்கலைங்க்கா. வெங்காயத்துத் தாளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுட்டே இருந்துச்சு.

"அப்ப அந்தக் கண்ணு?"

"உங்களுக்குப் பின்னாடி ஒரு காய்ச்சல்காரரு நின்னாருங்க. அவரைப் பாத்துச் சொன்னேன்."

"நீலச் சட்டை?"

"அதுவும் அவரோடதுதானுங்க."

"யாரு அவரு?"

"தெரியலைங்க. மாஸ்க் போட்டிருந்தாரு."

அப்புறம் எந்திரிச்சு உள்ள போச்சு. வெளக்குமாத்தை எடுத்துட்டு வருமோன்னு இருந்துச்சு எனக்கு. சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. குடிச்சேன்.

"நான் ஒண்ணும் கிறுக்கி இல்லை அம்மிணி. எல்லாரும் மாஸ்க்கைக் கழட்டின அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுருச்சு."

"மன்னிச்சுருங்கம்மா."

"அதை உடு. என்ற கொழுந்தன் வந்து என்ன சொன்னான் தெரியுமா? ஒரு பொட்டலம்னான். தூக்கி வெச்சாங்கன்னான். அதுக்கப்புறம் அவரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஆளு இல்லை. நீதான் சொன்னே. கண்ணு செவந்திருந்துச்சுன்னே. எளைச்சிருந்தாருன்னே. ஒரு மனுசனாட்ட நடந்து போனாருன்னு சொன்னது நீ ஒருத்திதான்." மடியில இருந்த தாளையெல்லாம் தட்டி உட்டுட்டு என்ற பக்கமாத் திரும்பி உக்காந்துச்சு. "மறுக்கா ஒருக்காச் சொல்லு."

"பொய்யிங்களேம்மா."

"பொய்யின்னு தெரிஞ்சுதானே கேக்கறேன். சொல்லு."

சொன்னேனுங்க்கா. கேட்டுல இருந்து வந்தாரு, நீலச் சட்டை போட்டிருந்தாரு, ஆதாரைக் குடுத்தாருன்னு. எந்தக் கையில ஊசி போட்டாங்கன்னு கேட்டுச்சு. இடது கையிலன்னேன். வலிச்சுதுன்னாரான்னு கேட்டுச்சு. இல்லை, சிரிச்சாருன்னேன். அரை மணி நேரம் பெஞ்சுல உக்கார வெச்சோம், தண்ணி கேட்டாரு, குடுத்தோம்னேன். தண்ணி குடுத்தீங்களான்னுச்சு. அங்கதான் அழுதுச்சுங்க. அன்னைக்கு அழுதாப்பல நான் ஒருத்தரு அழுது பாத்ததில்லை.

அடுத்த தடவை போனப்போ கழுத்துல கயிறு இல்லை. காரியமெல்லாம் பண்ணி முடிச்சுட்டாங்களாம். கொழுந்தன் வந்து சாப்பிட்டுட்டுப் போனானாம்.

மாசத்துக்கு ஒருக்காப் போறேனுங்க்கா. ஜெராக்ஸ் கடைக்கு லீவு சொல்லிட்டு, தாரணி காலேஜுக்குப் போற நாளாப் பாத்துப் போறேன். அந்தப் புள்ளைக்கு நான் போறது புடிக்கலை. ஒருக்கா வாசல்லயே மறிச்சு, "இன்னும் எங்கம்மாவை உட மாட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு. அதுக்கு என்ன தெரியும்? அவங்கம்மா கேட்டுத்தானே நான் சொல்றேன்.

என்ன, இப்பெல்லாம் பூவாத்தாம்மா மொத மாதிரி உக்காந்து கேக்கறதில்லை. சித்த நேரம் கேட்டுட்டு, "போதும் அம்மிணி, காட்டுக்குப் போகணும்"னு எந்திரிச்சுருது. போன மாசம், இனி வர வேண்டாம், உனக்கெதுக்கு வீண் சிரமம்னு கூடச் சொல்லுச்சு. நான்தான், இன்னும் கொஞ்சம் இருக்குதுங்கம்மா, உக்காருங்கன்னேன். பாதியில உட்டுட்டுப் போற விசயமா அது?

அடுத்த ஸ்டாப்புல எறங்கணும். சித்தக் காலை ஒதுக்கிக்கிறீங்களா? அந்தப் பையை எடுத்துக்கறேன்.

முந்தாநேத்துத் துணி அலசிட்டு இருந்தேன். சட்டுனு ஞாபகம் வந்துச்சு. அரை மணி நேரம் ஆச்சு, போலாம்னு சிஸ்டரு சொன்னாங்கல்ல? நாச்சிமுத்து எந்திரிச்சாரு. சட்டைக் கையை எறக்கி உட்டுட்டாரு. கேட்டு வரைக்கும் போயிட்டு, அங்க நின்னு திரும்பிப் பாத்தாருங்க்கா. என்னைத்தான் பாத்தாரு. இதை நான் இன்னும் அந்தம்மாகிட்டச் சொல்லவே இல்லை. இத்தனை நாளு இது எப்படி எனக்கு மறந்து போச்சுன்னுதான் தெரியலை.